கீமோவில் இருக்கும் நண்பருக்கு ஜாஸ்: எதைப் போடுவது, எதைத் தொடாமல் விடுவது?

பின்னிரவு_பாஸ் கேட்டது:

நெருங்கிய நண்பர், வயது 61. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ, 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் நான்கு. முதல் சுற்று ஏறி ஆறு நாள் ஆகிறது. அவர் மனைவி தவறி எட்டு மாதம்தான். வீட்டில் இருநூறுக்கு மேல் எல்பி ரெக்கார்டு, எல்லாமே ஜாஸ், பாதிக்கு மேல் அந்த அம்மா தேடிச் சேர்த்தது. எட்டு மாதமாக டர்ன்டேபிள் மூடியைத் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் கீமோ நாற்காலியில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "காதில் ஏதாவது ஓடினால் தேவலை" என்று அவராகவே சொன்னார்.

நண்பர்கள் மூன்று பேர் முறை வைத்துக் கூட இருக்கிறோம். "மனதுக்கு இதமான ஜாஸ்" என்று தேடினால் வருவதெல்லாம் லிஃப்டில் ஓடுகிற இசை. நாற்பது வருஷம் ஜாஸ் கேட்ட மனுஷனுக்கு அதைப் போட்டால் ஹெட்போனைத் தூக்கி எறிவார். கீமோ நாளில் என்ன போடலாம், வீட்டில் என்ன போடலாம், என்ன கருவி சரிவரும், அந்த அம்மாவின் ரெக்கார்டுகளை நாங்கள் தொடலாமா கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

வார்டு_நாற்காலி:

கீமோ பிரிவுப் பக்கமிருந்து சொல்கிறேன். இசைத் தேர்வை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் உயிராக நினைக்கும் ஆல்பம் எதையும் மருந்து ஏறும் நாளில் போடாதீர்கள். குமட்டல் வரும் நேரத்தில் கேட்டது, முகர்ந்தது, தின்றது எல்லாவற்றோடும் அந்தக் குமட்டல் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு வரும்போது சிலருக்கு ஊசி போடும் முன்பே, அந்த அறையின் வாசனை பட்டதுமே வாந்தி வருவது இப்படித்தான். சாப்பாட்டு விஷயத்தில் இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. பிடித்த பண்டத்தைக் காப்பாற்ற, பெரிய ஒட்டுதல் இல்லாத ஒன்றை அன்றைக்குப் பலிகடாவாகக் கொடுப்பார்கள். இசையிலும் அதையே செய்யுங்கள். அவருக்குப் பழக்கமில்லாத, ஆனால் கேட்கச் சங்கடமில்லாத மூன்று நான்கு ஆல்பங்களை கீமோ நாளுக்கென்றே ஒதுக்குங்கள். சிகிச்சை முடிந்ததும் அவற்றை அழித்துவிடலாம், நஷ்டமில்லை.

சிஸ்பிளாட்டினோடு முன்னும் பின்னும் நிறைய சலைன் ஏற்றுவார்கள். அதனால் அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம். ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும்போது ஹெட்போன் ஒயர் ட்யூபில் மாட்டும். ஒயர் இல்லாததே நல்லது. ஒயர் உள்ளதுதான் இருக்கிறது என்றால் ஊசி இல்லாத கைப் பக்கமாக இறக்கி, சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தம் தடுக்கும் ஹெட்போனை முழு வலுவில் போட்டால் பம்ப் அலாரமும் கேட்காது, நர்ஸ் கூப்பிடுவதும் கேட்காது. வெளிச் சத்தத்தை உள்ளே விடும் மோடில் வையுங்கள், அல்லது ஒரு காது மட்டும். அவருடையதை அவர் மட்டுமே போட வேண்டும். சிலிக்கான் முனையைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும்.

அடுத்தது காது. இதை ஜாஸ் கேட்பவர்கள் யாரைவிடவும் முன்னால் கண்டுபிடிப்பார்கள். சிஸ்பிளாட்டின் உட்காதைப் பாதிக்கும். முதலில் போவது உச்ச ஸ்தாயி; போனால் பெரும்பாலும் திரும்பாது. "சிம்பல் சத்தமே காணோம்", "பிரஷ் (டிரம்ஸைத் தடவி வாசிக்கும் கம்பித் தூரிகை) கேட்கவில்லை", "டிரம்பெட் காதைக் கீறுகிறது", "உள்ளே கீ என்று ஒரு சத்தம்" என்று சொன்னால் ஹெட்போனைச் சந்தேகப்படாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்புத் திறன் சோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே எடுக்கக் கேளுங்கள். மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் தாங்க முடியாது என்கிற நிலையும் வரலாம். அப்போது வால்யூமை ஏற்றித் தீர்வு தேடக் கூடாது.

நாள்கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பொதுவாக முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் தூக்கம் வராது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பார். அது நின்றதும் ஐந்தாறு நாள் அடித்துப் போட்டதுபோல் சோர்வு. சுமார் ஏழாம் நாளிலிருந்து பதினான்கு வரை ரத்த அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரம் இருமல், சளி உள்ள யாரும் வாசற்படி ஏறக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் தொட்டாலே மருத்துவமனைக்கு போன். கூடி உட்கார்ந்து கேட்பதையெல்லாம் மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். எல்பியின் ஒரு பக்கம் இருபது நிமிஷம், அதுவே நல்ல அளவு. பக்கம் முடிந்ததும் எழுந்து கிளம்பினால் "போகிறேன்" என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை.

---

மோனோ_பொத்தான்:

மேலே சொன்னவர் "ஒரு காது மட்டும்" என்றாரே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1950களின் கடைசி, 60களின் தொடக்கத்து ஸ்டீரியோ ஜாஸ் பதிவுகள் நிறையவற்றில் கருவிகளை ஓரங்கட்டித்தான் வைத்திருப்பார்கள். சாக்ஸ் முழுக்க இடப்பக்கம், டிரம்ஸ் முழுக்க வலப்பக்கம் என்று. ஒரு காதில் மட்டும் போட்டால் பாதி இசைக்குழு காணாமல் போகும். போன் அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பகுதிக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கலந்து ஒரே காதில் வரும். கேட்புத் திறன் ஒரு காதில் மட்டும் குறைந்தாலும் இதுதான் வழி.

செயலியில் மாற்ற வேண்டியவை: ஷஃபிள் ஆஃப். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு எதையோ ஓட்டும் ஆட்டோபிளே கட்டாயம் ஆஃப். இந்த ஆட்டோபிளேதான் ஆபத்து: பில் எவன்ஸின் மெல்லிய பியானோ முடிந்து கண் சொக்கும் நேரத்தில் முழு பிக் பேண்டின் பித்தளை ஊதுகருவிகள் வெடிக்கும். இல்லாவிட்டால், அந்த அம்மாவும் அவரும் சேர்ந்து கேட்ட பாட்டை முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவந்து போடும். வால்யூம் சமப்படுத்தும் அமைப்பு ஆன். விளம்பரம் வரும் இலவசக் கணக்கு வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து வையுங்கள். மருத்துவமனை வைஃபையை நம்ப முடியாது.

மறுவெளியீடுகளில் கவனம். "முழுத் தொகுப்பு" என்று வருபவற்றில் ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து இருக்கும். பில் எவன்ஸ் ட்ரியோவின் 1961 வில்லேஜ் வேன்கார்ட் (நியூயார்க் ஜாஸ் கிளப்) பதிவுகளின் முழுத் தொகுப்பு, நடுவில் கரண்ட் போய் அறுந்த ஒரு வாசிப்போடுதான் தொடங்குகிறது. நமக்கு அது சுவாரசியம். மருந்து மயக்கத்தில் இருப்பவருக்கு "இதை இப்போதுதானே கேட்டேன், எனக்கு என்ன ஆச்சு" என்கிற கலக்கம். பழைய ஆல்பம் வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் செய்து கொடுங்கள். நேரடிப் பதிவுகளில் கைதட்டலும் தூக்கிவாரிப் போடும். தூங்கும் நேரத்துப் பட்டியலில் ஸ்டூடியோ பதிவு மட்டும்.

இரவு இரண்டு மணிக்குத் தனிப் பட்டியல் வேண்டும். ஸ்டீராய்டு முறுக்கில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பில் மந்தமான பாலட் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். இசைச் சிகிச்சைக்காரர்கள் ஐசோ கொள்கை என்பார்கள்: ஆள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி மெல்ல இறங்குவது. நடுத்தர வேகத்தில் ஒன்று, அதைவிடத் தளர்ந்தது இரண்டு, கடைசியில் பியானோ மட்டும். மொத்தம் 25, 30 நிமிஷம், ஸ்லீப் டைமரோடு. தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் போதும்.

சிஸ்பிளாட்டின் விரல் நுனியையும் மரக்க வைக்கும். அப்படி ஆனால் டர்ன்டேபிள் ஊசியை அவர் கையால் இறக்கும்போது தவறி விழும், ரெக்கார்டும் போகும் ஊசியும் போகும். ஊசியைத் தூக்கி இறக்கும் நெம்புகோல் உள்ள டர்ன்டேபிள் என்றால் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஊசியை நீங்கள் இறக்குவதானால் "நான் போடட்டுமா" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

பிரஷ்_கைகள்:

லிஃப்ட் இசை பற்றி நீங்கள் சொன்னது சரி. இப்படிப்பட்ட நேரத்தில் ஜாஸ் கேட்பவரைத் தாங்குவது அதன் மெதுவான வேகம் அல்ல. இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போகிறார்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவர் கீழே கை கொடுக்கிறார், அது காதில் விழுகிறது. அதனால் டூயோ, ட்ரியோவாகத் தேடுங்கள்.

பாஸ் கலைஞர் சார்லி ஹேடன், பியானோ கலைஞர் கீத் ஜாரட் இருவரும் 2007இல் ஜாரட்டின் வீட்டு ஸ்டூடியோவில் பதிவு செய்தது "ஜாஸ்மின்" (2010). பியானோ, பாஸ், அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை, சிம்பல் இல்லை, கைதட்டல் இல்லை. காது பாதித்தாலும் பெரும்பகுதி கேட்கும், ஏனென்றால் பாஸின் அழகு கீழ் ஸ்தாயியில். ஹேடன் சின்ன வயதில் குடும்ப வானொலி நிகழ்ச்சியில் பாடியவர். 15 வயதில் போலியோ குரலைத் தாக்கியது, பிறகு பாஸைக் கையில் எடுத்தார். அவர் பாஸ் ஏன் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். அதே அமர்வுகளின் மிச்சம் "லாஸ்ட் டான்ஸ்" என்று 2014இல், ஹேடன் காலமாவதற்குச் சற்று முன் வந்தது. தலைப்பையும் கடைசிப் பாட்டின் பெயரையும் பார்த்துவிட்டு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

ஜாரட் தனியாக வாசித்த "த மெலடி அட் நைட், வித் யூ". தீராச் சோர்வு நோயால் மேடை ஏற முடியாமல் இருந்த காலத்தில், 1998இல், வீட்டிலேயே பதிவு செய்தது. வித்தை காட்டவே இல்லை. மெட்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார், அதற்கு மேல் தெம்பில்லாதவர் வாசிப்பதுபோல. சோர்வு மிகுந்த அந்த ஐந்தாறு நாளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

சாக்ஸ் கலைஞர் ஸ்டான் கெட்ஸ், பியானோ கலைஞர் கென்னி பாரன் சேர்ந்த "பீப்பிள் டைம்" 1991 மார்ச்சில் கோபன்ஹேகனில் பதிவானது. கெட்ஸ் கல்லீரல் புற்றுநோயோடு வாசித்தார், அதே ஆண்டு ஜூனில் போய்விட்டார். பாரன் அவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்துக்கொண்டே போவது கேட்கும். மகத்தான பதிவு, ஆனால் இந்தக் கதை தெரிந்த புற்றுநோயாளிக்கு அவர் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாற்பது வருஷம் கேட்டவருக்குக் கதை தெரியாமல் இருக்காது.

துக்கத்துக்கென்று ஒன்றே ஒன்று சொல்வதானால், பியானோ கலைஞரும் பிக் பேண்ட் தலைவருமான டியூக் எலிங்டன். இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அவரும் 1938 கடைசியில் சந்தித்தவர்கள். 1967 மே மாதம் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் ஸ்ட்ரேஹார்ன் போகும்வரை யார் எழுதியது எந்த வரி என்று பிரிக்க முடியாதபடி வேலை செய்தார்கள். சில மாதத்தில் எலிங்டன் முழுக்க முழுக்க நண்பரின் இசையை வைத்து ஓர் ஆல்பம் செய்தார். அதில் "பிளட் கவுன்ட்" என்பது மருத்துவமனையில் இருந்துகொண்டு ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. தினம் ரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கும் ஆளுக்கு அந்தத் தலைப்பே குத்தும், தவிர்த்துவிடுங்கள். ஆனால் "லோட்டஸ் பிளாசம்" இருக்கிறதே, பதிவு முடிந்து மற்றவர்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எலிங்டன் தனியாக உட்கார்ந்து வாசித்தது. பின்னால் பேச்சுக்குரல், சாமான் எடுக்கும் சத்தம் எல்லாம் கேட்கும். போகப் போக அந்தச் சத்தம் அடங்கும். தடித்த ஹெட்போனில் கேட்டால் அறையில் நீங்களும் நிற்பீர்கள்.

அந்த அம்மாவின் ரெக்கார்டுகளுக்கு வருகிறேன். அடுக்கை ஒழுங்குபடுத்தாதீர்கள், உறை மாற்றாதீர்கள், "டிஜிட்டலாக மாற்றித் தருகிறேன்" என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த அம்மா எந்த வரிசையில் வைத்தாரோ அந்த வரிசையே ஒரு கையெழுத்து. டர்ன்டேபிள் தட்டில் கடைசியாக ஓடிய ரெக்கார்டு இன்னும் இருக்கலாம், மூடியைத் திறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். திறக்கும் ஆள் நீங்களாக இருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: அந்த அம்மாவின் பெயரில் ஸ்ட்ரீமிங் கணக்கு இருந்து, பணம் கட்டாமல் மூடும் நிலைக்கு வந்தால், அதில் அவர் செய்த பிளேலிஸ்ட் எல்லாம் போய்விடலாம். நண்பரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், பட்டியல்களை அவர் கணக்குக்கு நகல் எடுங்கள், முடியாவிட்டால் ஸ்க்ரீன்ஷாட். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி. திறந்து காட்ட வேண்டாம்.

---

உரத்த_சாக்ஸ்:

எல்லோரும் மெதுவானதையே சொல்கிறீர்கள். ஆத்திரம் வரும் நாளும் உண்டு ஐயா. அன்றைக்கு பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் போடுங்கள். தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏஎல்எஸ் நோயால் கை முடங்கி பாஸ் வாசிக்க முடியாமல் போன பிறகும் டேப் ரெக்கார்டரில் மெட்டைப் பாடிப் பாடிப் பதிவு செய்தவர் அவர். நோயாளி என்றால் தாலாட்டுதான் என்று யார் சொன்னது? நியூ ஆர்லியன்ஸ் இறுதி ஊர்வலத்திலேயே போகும்போதுதான் நிதானமான துதிப்பாட்டு; அடக்கத்துக்குப் பிறகு டிரம்மர் ஸ்நேர் டிரம்மின் அதிர்வுக் கம்பியைப் போட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தால் தெருவே ஆடும். ஆனால் அந்த இரண்டாவது பாதி எப்போது என்று முடிவு செய்வது நண்பர்கள் இல்லை. எட்டாவது மாதத்தில் "போதும், கொஞ்சம் குஷியாகப் போடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்லுங்கள்.

---

பின்னிரவு_பாஸ்:

எல்லோருக்கும் நன்றி. மோனோ விஷயம் தெரியாமல் ஒரு காதில் போட்டுக் கொடுத்துவிட்டு "டிரம்ஸ் எங்கே" என்று திட்டு வாங்கியது இதனால்தான் போல. இன்னொன்று: அடுத்த சுற்றின் ஒன்பதாம் நாள் அந்த அம்மாவின் பிறந்தநாள் வருகிறது. அணுக்கள் குறைந்த வாரம், நேரில் போகக் கூடாது. வீடியோ காலில் சேர்ந்து ஏதாவது கேட்கலாமா? மெசேஜ் எவ்வளவு அனுப்புவது என்றும் தெரியவில்லை. ஒருவர் தினம் ஐந்தாறு அனுப்புகிறார், பதிலே வருவதில்லை.

---

பிரஷ்_கைகள்:

மெசேஜுக்கு அளவு வேண்டும் என்றால் பியானோக்காரர் சோலோவுக்குப் பின்னால் காம்ப் செய்வதை, அதாவது துணையாக வாசிப்பதைக் கேளுங்கள். ஒரு ஸ்வரக்கூட்டு, பிறகு இடைவெளி, முன்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டு இன்னொன்று. தினம் ஆறு மெசேஜ் என்பது சோலோக்காரரை மூச்சு விடவிடாத காம்பிங். வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஒரு பாட்டு, ஒரு வரி, கடைசியில் "பதில் வேண்டாம்". அந்த இரண்டு சொல்லை மறக்கக் கூடாது. பதில் போடாத குற்ற உணர்ச்சியில்தான் பலர் போனையே திருப்பி வைக்கிறார்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதும் அவருக்கு ஒரு வேலைதான். "வியாழக்கிழமை ரிப்போர்ட் வாங்கப் போகிறேன், உங்களுடையதையும் வாங்கட்டுமா" என்றால் ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும். அந்த அம்மாவின் பெயரை மெசேஜில் எழுதத் தயங்காதீர்கள்.

---

மோனோ_பொத்தான்:

வீடியோ கால் வழியாகப் பாட்டை ஓட்டாதீர்கள். கால் செயலிகள் மனிதக் குரலைத் தவிர மற்றதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டும். பிரஷ் சத்தமும் பாஸ் ஓய்ந்து அடங்கும் வாலும்தான் முதலில் போகும். ஜூம் என்றால் "ஒரிஜினல் சவுண்ட்" ஆன் செய்யலாம், அப்போதும் அரைகுறைதான்.

இப்படிச் செய்யுங்கள். எல்லோரும் அவரவர் போனில் அதே பாட்டை, அதே பதிப்பை, டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீளம் நிமிஷம், நொடி வரை ஒத்துப்போகிறதா பாருங்கள். மறுவெளியீட்டில் நாலைந்து நொடி மாறும். சாதாரண போன் கால் போட்டு, மைக்கை எல்லோரும் மியூட் செய்துவிட்டு, ஒருவர் எண்ண, சேர்ந்து பிளே அழுத்துங்கள். அரை நொடி முன்பின் ஆனாலும் மியூட்டில் இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒரே பாட்டு, ஐந்தாறு நிமிஷம். முடிந்ததும் அன்மியூட் செய்யக் கட்டாயம் இல்லை. யாரும் பேசாமல் காலை வைத்துவிடலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பாட்டை அவர் சொல்லட்டும். இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு தடவை கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அதோடு விடுங்கள். எண்ணுவதையும் அவரிடமே கொடுங்கள். அன்றைக்கு லைனில் வந்துவிட்டு எண்ணாமல் இருந்தால் நீங்களும் பிளே அழுத்தாதீர்கள், லைனில் இருங்கள்.

---

வார்டு_நாற்காலி:

ஒரு வரி சேர்க்கிறேன். அந்த வாரத்தில் பேச்சில் "இனி எதற்கு இந்த ஊசியெல்லாம்", "அவளிடம் போய்விடலாம்" என்பதுபோல ஏதாவது வந்தாலோ, சோர்வு குறைய வேண்டிய மூன்றாம் வாரத்திலும் எழுந்திருக்காமல், சாப்பிடாமல் கிடந்தாலோ, அதற்குப் பாட்டு தேடிக்கொண்டிருக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்டால் எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே கீமோ பிரிவுக்குத் தகவல் கொடுங்கள். மனநல ஆலோசகரை அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

---

பின்னிரவு_பாஸ்:

குறித்துக்கொண்டேன். ஆட்டோபிளே ஆஃப், மோனோ ஆன், பட்டியல் இரண்டும் தயார். ஐந்தாறு மெசேஜ் பார்ட்டியிடம் காம்பிங் பற்றிச் சொன்னேன். டிரம்மர் அவர், முகம் தூக்கி வைத்திருக்கிறார்.